வன்னியில் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி: "எங்கட கையில இல்லை" என்பவர்களிடம் கணக்குக் கேட்க வழி இருக்கிறதா?

உங்கள் ஊரில் வீட்டுத்திட்டம் பாதியில் நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வைத்தியர் கிழமையில் இரண்டு நாள்தான் வருகிறார், யாரிடம் போனாலும் "எங்கட கையில இல்லை" என்று அடுத்த கந்தோரைக் கைகாட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண ஆள் கேட்டுப் பயன் உண்டா என்பது கேள்வி.

உண்டு. ஆனால் குறை சொல்லப் போகக்கூடாது, கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கப் போகவேண்டும். இந்த வித்தியாசத்தை நான் என் பெரியம்மாவின் வளவில்தான் படித்தேன்.

பெரியம்மா முல்லைத்தீவு மாவட்டத்தில் தனியாக இருக்கிறார். 2009-இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குப் போய், பிறகு ஊர் திரும்பி, முதலில் தறப்பாள் கொட்டில், அடுத்து தகரக் கொட்டில். இந்திய வீட்டுத்திட்டம் வடக்கு கிழக்குக்கு 46,000 வீடுகள் கொண்டுவந்தது, ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய். அதில் அவருக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துப் புள்ளி போட்டார்கள். தனியாள் என்றால் பட்டியலின் அடியில்தான் நிற்கவேண்டும். வயது போய்த் தனித்துப்போனவர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் விடுபட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை. போரில் ஆட்களை இழந்ததாலேயே புள்ளி குறைந்தவர்கள் அவர்கள்.

2018-இல் வேறொரு திட்டத்தில் பெயர் வந்தது. கட்டம் கட்டமாகக் காசு. அத்திவாரம் போட்டால் ஒரு கட்டம், சுவர் எழுப்பினால் அடுத்த கட்டம், கூரைக்கு இன்னொன்று. முதலில் வேலையை முடித்துக் காட்டவேண்டும், பிறகுதான் காசு. பெரியம்மா சங்கிலியை அடைவு வைத்து லின்டல் மட்டம் வரை, அதாவது கதவு யன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீட் வளை வரை, சுவரைக் கொண்டுவந்தார். அந்தக் கட்டத்துக் காசு வரவில்லை. அடுத்த வருடக் கடைசியில் ஆட்சியும் மாறியது.

நீங்கள் வன்னி றோட்டால் போனால் அப்படியான வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். லின்டலுக்கு மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். யன்னல் வைக்கும் இடத்தில் பனை ஓலையோ பழைய சாரமோ தொங்கும். பெரியம்மா அறையாக வரவேண்டிய இடத்தில் கோழி அடைத்து வைத்திருந்தார். பக்கத்தில் தகரக் கொட்டிலில் அவர். மழைக்கு இரண்டு இடமும் ஒன்றுதான்.

நாலு வருடம் அவர் கந்தோருக்கு நடந்தார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அங்கிருந்தவர்கள் கூடாத ஆட்கள் இல்லை, கதிரை தந்து இருத்துவார்கள். "அம்மா, மேலிடத்தில இருந்து காசு வரேல்ல, வந்தா முதல் உங்களுக்குத்தான்" என்பார்கள். பெரியம்மாவும் கந்தோரில் இருக்கிற அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மனமில்லாமல் திரும்பி வருவார். அவர் போய் வந்ததற்கு அந்தக் கந்தோரில் ஒரு வரி எழுத்து கிடையாது. நாலு வருடமும் காற்றோடு போன கதைதான்.

2023-இல் நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். வீடு ஏன் தரவில்லை என்று அதில் கேட்கவில்லை. பெரியம்மாவின் பெயரில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, எந்தெந்தத் திகதியில் எவ்வளவு கொடுபட்டது, கடைசியாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த அறிக்கையின் பிரதி, நிலுவைப் பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவது. இந்த நாலும்தான்.

14 வேலை நாளில் முடிவு சொல்லவேண்டும். சொல்லவில்லை. அதே கந்தோரின் மேல் அதிகாரிக்கு மேன்முறையீடு எழுதினோம். ஒன்பதாம் நாள் ஒன்றரைப் பக்கத்தில் பதில் வந்தது. ஒதுக்கீடு இருக்கிறது, முதல் கட்டம் கொடுபட்டிருக்கிறது, லின்டல் மட்டத்துக்கான பரிசோதனை அறிக்கை "கோப்பில் இல்லை". ஆகவே நிலுவைப் பட்டியலில் பெயரும் இல்லை.

அந்த உத்தியோகத்தர் வந்து சுவருக்கு முன்னால் பெரியம்மாவை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனவர். அறிக்கை மட்டும் கோப்புக்குப் போய்ச் சேரவில்லை. "காசு வந்தா முதல் உங்களுக்கு" என்று சொன்ன காலம் முழுக்க, காசு வந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்காது. சொன்னவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் நம்புகிறேன், கோப்பைத் திறக்கும்படி யாரும் எழுத்தில் கேட்கவில்லையே.

பிறகு திரும்ப வந்து பார்த்தார்கள், பட்டியலில் பெயர் ஏறியது, அடுத்த முறை காசு வந்தபோது அந்தக் கட்டம் கிடைத்தது. அதற்குள் 1,000 ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை 2022-இல் 3,000 ரூபாய் வரை போய்வந்திருந்தது. பழைய கணக்கில் வந்த காசு கூரையில் பாதிக்குத்தான் காணும். அந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, அதையும் விடப்போவதில்லை.

சரி, நடைமுறை என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்பது 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு அரச கந்தோரிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களிடம் காரணம் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ளவேண்டும். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் தரவேண்டும், அந்தத் துண்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். 14 வேலை நாளில் பதில் இல்லாவிட்டால், அதன்பிறகு 14 நாளுக்குள் அந்தக் கந்தோரின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதாவது மேன்முறையீட்டைப் பார்க்கிற மேல் அதிகாரிக்கு, மேன்முறையீடு. அவரும் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள், அது அரசியலமைப்பு தந்த உரிமை. பக்கத்து வீட்டாருக்கு எப்படி வீடு கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள், தனிப்பட்ட விவரம் என்று மறுக்கலாம். புள்ளி போட்ட முறை என்ன, எனக்குப் போட்ட புள்ளி எத்தனை என்று கேட்டால் தட்டிக்கழிக்க இடம் குறைவு.

இதே சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவும் இருக்கிறது. உள்ளூர்க் காசில் 5,00,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தத் திட்டமானாலும், வெளிநாட்டுக் காசென்றால் 1,00,000 டொலருக்கு மேல் போனால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அமைச்சர் அதன் விவரத்தை மக்களுக்கு வெளியிடவேண்டும். செலவைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே வடக்கு பார்த்திருக்கிறது. 65,000 இரும்பு வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 லட்சம் என்று ஒரு திட்டம் வந்தது. அதில் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாமே என்று பொறியியலாளர்களும் மக்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் திட்டம் சொன்னபடி நடக்கவில்லை.

பள்ளிக்கூட விசயத்தில் கேள்வியை இன்னும் கவனமாக எழுதவேண்டும். எங்கள் பக்கத்தில் பெற்றோர் வாயிற்கதவைப் பூட்டிப் போராடுவார்கள், இரண்டு நாளில் ஒருவர் வந்து உறுதிமொழி தருவார், கதவு திறக்கும், அடுத்த தவணையும் கணித ஆசிரியர் இருக்கமாட்டார். காரணம் பெரும்பாலும் "இணைப்பு" என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கும். ஆசிரியருக்கு நியமனம் வன்னிப் பள்ளிக்கூடத்தில், படிப்பிப்பது தற்காலிக இணைப்பில் நகரத்தில். காகிதத்தில் உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் இருக்கிறார், வகுப்பில்தான் இல்லை. ஆகவே "ஏன் ஆசிரியர் இல்லை" என்று கேட்டால் "ஆளணி (இருக்கவேண்டிய ஆட்களின் எண்ணிக்கை) நிரம்பியிருக்கிறது" என்று பதில் வரும், அது பொய்யும் இல்லை. வலயக் கல்விப் பணிமனைக்கு இப்படி எழுதுங்கள்: இந்தப் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நியமனம் பெற்றவர்கள் எத்தனை, அவர்களில் இணைப்பில் வேறிடத்தில் இருப்பவர்கள் எத்தனை, இணைப்பு எந்தத் திகதியில் முடிகிறது. ஆட்களின் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் அதை வாசித்து அறிக்கையில் பதியச் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிக்கும் அதே வழிதான், கடிதம் போவது பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு. அனுமதிக்கப்பட்ட வைத்தியர் எத்தனை பேர், கடமையில் எத்தனை பேர், எந்தெந்த மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இல்லை. ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

எல்லாரும் அடுத்த கந்தோரைக் கைகாட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தப்படி நம்முடைய பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவையும் சிறிய ஆஸ்பத்திரிகளும் மாகாணத்தின் கீழ். வடக்கு மாகாண சபை 2013-இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொறுப்பாக நம் வாக்கைக் கேட்டு வந்த உறுப்பினர் என்று மாகாணத்தில் ஒருவரும் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான். வாக்கால் கேட்க முடியாததைக் கடிதத்தால்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. பயம். பெரியம்மா முதலில் கையெழுத்துப் போட மறுத்தார். "இருக்கிற உதவிக் காசையும் வெட்டிப் போடுவாங்கள், வேண்டாம் மேனே" என்றார். ஆட்கள் வந்து விசாரித்த காலத்தைப் பார்த்தவர்களிடம் போய் பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இலங்கைக் குடிமகன் எவரும் எந்தக் கந்தோரிலும் கேட்கலாம் என்பதால், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றியதை வேறு மாவட்டத்தில் இருக்கிற சொந்தக்காரர் பெயரில் போடலாம். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து நம்முடையதை விட்டவர்கள் போடமுடியாது. வீட்டுக் கோப்புக்கு அவரவர் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரே ஒழுங்கையில் அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரே நாளில் கொடுங்கள், தனியாள் என்று யாரையும் பிரித்தெடுக்க முடியாது.

பெரியம்மாவின் பதில் வந்த கிழமை அதே திட்டத்தில் நிற்கிற மூன்று பேர் தங்கள் வங்கிப் புத்தகத்தோடு அவர் வளவுக்கு வந்தார்கள். இரண்டு பேரின் கோப்பிலும் அதே அறிக்கை இல்லை. உங்கள் திட்டத்தின் பெயரையும் தொடங்கிய ஆண்டையும் கருத்தில் எழுதுங்கள், எந்தக் கந்தோருக்கு என்ன கேட்டு எழுதவேண்டும் என்று சொல்கிறேன்.