ஒரே தொகுதி, 54 ஆண்டுகள்

கேள்வி: ஒரே தொகுதியில் தோற்காமலேயே காலம் முழுவதும் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் யாரேனும் உண்டா?

பதில்: கேரளத்தின் கே.எம். மாணியைச் சொல்லலாம். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து வழக்கறிஞரான அவர், பாலா தொகுதி உருவான 1965-இல் முதன்முறையாக வென்றார். ஆனால், எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் அந்தச் சட்டமன்றம் கூடவே இல்லை. வென்றும் இருக்கையில் அமராமல் தொடங்கிய அந்தப் பயணம், 13 வெற்றிகளுடன் 2019 ஏப்ரலில் அவர் மறையும்வரை தடைபடவில்லை. நிதியமைச்சராக 13 வரவுசெலவுத் திட்டங்களையும் அளித்தார்.

அவற்றுள் கடைசியானது மறக்க முடியாதது. மதுக்கூட உரிமையாளர்களிடம் கையூட்டுப் பெற்றார் என்ற குற்றச்சாட்டை முன்வைத்து எதிர்க்கட்சியினர் வழிமறிக்க, பேரவைத் தலைவரின் நாற்காலியே மேடையிலிருந்து தூக்கியெறியப்பட்ட 2015 மார்ச் 13 அன்று, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அரணாகச் சூழ்ந்து நிற்க, அந்த முதியவர் உரையின் சில பகுதிகளை மட்டும் வாசித்து முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் பதவி விலகினார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றாலும், கறை முழுதாக நீங்கியது என்று கூறுவதற்கில்லை.

அவர் மறைந்த சில மாதங்களிலேயே, இடைத்தேர்தலில் பாலா எதிரணியின் கைக்குப் போயிற்று.