“அவ ஏன் கறுப்பா இருக்கா?” – பிள்ளைகளின் பேச்சும் பள்ளியின் பொறுப்பும்: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் 22 வருடம் பாடம் நடத்தியவள் நான். கடைசி 9 வருடம், பிள்ளைகளுக்குள் வரும் புகார்களை விசாரிக்கும் வேலையும் என் தலையில்தான் இருந்தது. இனம், நிறம் பற்றிப் பிள்ளைகள் வாய்தவறிச் சொல்வதைப் பள்ளி எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

என் மகனுக்கு ஐந்து வயது. பக்கத்தில் உட்காரும் பையனின் கையை ரப்பரால் தேய்த்துவிட்டு, “போகவே மாட்டேங்குதே” என்றானாம். ‘இனவெறிச் சம்பவம்’ என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதறாதீர்கள். பென்சில் கோடு அழிகிறது, பேனாக் கோடு அழியவில்லை, இது அழியுமா என்று பார்த்திருக்கிறான். ஒருவருடைய தோல் நிறம் கழுவினாலும் வளர்ந்தாலும் அப்படியேதான் இருக்கும் என்பது அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு உறுதியாகத் தெரியாது.

அந்தக் கடிதத்தின் வார்த்தைக்கு ஒரு பின்கதை உண்டு. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணை படுமோசமாக நடந்தது. அதை ஆராய்ந்து 1999இல் வெளிவந்த மெக்பர்சன் அறிக்கை, பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இனவெறி என்று கருதினால் அது இனவெறிச் சம்பவம் என்று வரையறுத்தது. அங்குள்ள பள்ளிகளும் இத்தகைய சம்பவங்கள் அனைத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. புகாரை யாரும் தட்டிக்கழித்துவிடக் கூடாது, விசாரணையாவது தொடங்க வேண்டும் என்பதுதான் அந்த வரையறையின் நோக்கம். தீர்ப்பு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை விஷயத்தில் சில பள்ளிகள் விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பை எழுதிவிடுகின்றன.

பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவன் என்ன செய்தான், என்ன சொன்னான் என்பது அவன் வார்த்தையிலேயே இருக்க வேண்டும். வயதும், அதற்கு முன் என்ன நடந்தது என்பதும் வேண்டும். “இனவெறியோடு நடந்துகொண்டான்” என்று மட்டும் இருந்தால், அதை மாற்றி நடந்ததை எழுதச் சொல்லுங்கள். பதிவே வேண்டாம் என்று மட்டும் சண்டை போடாதீர்கள். மறுபடி ஏதாவது நடந்தால், முதல் தடவை நடந்தது இவ்வளவுதான் என்று காட்ட உங்கள் பையனுக்கும் அந்தக் காகிதம்தான் துணை.

இன்னொன்று. தேய்க்கப்பட்டது ஒரு பிள்ளையின் கை. “கேட்காமல் யார் உடம்பையும் தொடக் கூடாது” என்று உங்கள் மகனிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். நிறம் பற்றிக் கேட்டது தப்பில்லை, தேய்த்தது தப்பு.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு சிறுமி இன்னொருத்தியைக் காட்டி, “அவ ஏன் கறுப்பா இருக்கா?” என்று வகுப்பே கேட்கும்படி கேட்டுவிட்டாள். “ஷ்ஷ், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது” என்று அடக்கினேன். சரிதானே?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் அடக்கினேன். பணியில் சேர்ந்து மூன்றாவது வருடம். அதே கேள்வி, அதே “ஷ்ஷ்”. இரண்டு வாரம் கழித்து ஓவிய வகுப்பு. அந்தச் சிறுமி எல்லாக் க்ரேயானையும் எடுத்தாள், கறுப்பை மட்டும் தொடவில்லை. காக்கைக்கு ஊதா அடித்திருந்தாள். ஏன் என்றதற்கு என் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்: “அது கெட்ட வார்த்தை டீச்சர்.” கறுப்பு அசிங்கம் என்று அதுவரை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவள் சுட்டிக் காட்டிய பிள்ளையும் அதே அறையில் உட்கார்ந்து அந்த “ஷ்ஷ்”ஷைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இப்போது யாராவது கேட்டால் உடனே, சாதாரணக் குரலில் பதில் சொல்லிவிடுவேன். “நம்ம எல்லார் தோலிலும் மெலனின்னு ஒண்ணு இருக்கு. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். அம்மா அப்பா, தாத்தா பாட்டிகிட்டேயிருந்து வருது. வெயில்லேருந்து தோலைக் காப்பாத்தும்.” ஆறு வயதுக்கு இது போதும். உங்களுக்காக ஒரு தகவல்: மெலனினைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை என்பதில்தான் வித்தியாசம்.

பதில் சொல்லும்போது அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டாதீர்கள். உங்கள் கையைக் காட்டுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நிற வித்தியாசமே தெரியாது, பெரியவர்கள்தான் சொல்லிக் கெடுக்கிறார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. பிறந்த குழந்தை எல்லா முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மூன்று மாதத்தில், தன்னைச் சுற்றி அதிகம் காணும் இனத்து முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பல இன முகங்களுக்கு நடுவே வளர்ந்தால் அந்தச் சாய்வு அவ்வளவாக இருப்பதில்லை. ஆகவே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மதிப்பெண் போடக் கற்றுக் கொடுப்பதுதான் சுற்றுப்புறம். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி, நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். மூன்றிலிருந்து ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் கட்டுரையும் இருக்கிறது.

எங்கள் கதை நேர்மாறு. என் மகளிடம் ஒரு பையன், “உன் கை அழுக்கு, பிடிக்க மாட்டேன்” என்றிருக்கிறான். “சின்னப் பிள்ளை, தெரியாமல் சொன்னது” என்று ஆசிரியர் முடித்துவிட்டார்.

சொன்னவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்டவளுக்குத் தெரிந்துவிட்டதே! விவரமில்லாத பேச்சு என்று பள்ளிகள் சொல்லும்போது ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும்தான் யோசிக்கின்றன. எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

அன்றைக்கே அவளைத் தனியாக உட்காரவைத்து, “அவன் சொன்னது தப்பு. உன் கை சுத்தமாத்தான் இருக்கு, அது உன் தோல் நிறம்” என்று ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பையனிடமும் அதே வாக்கியம். அப்புறம் ஒரு வாரமாவது கைகோத்து ஆடும் விளையாட்டில் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். மற்ற பிள்ளைகளும் கையை இழுத்துக்கொள்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும். இதையெல்லாம் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். தேதி போட்டு நான்கு வரி போதும்.

வீட்டில் அவள் சோப்புப் போட்டு அதிக நேரம் கை தேய்க்கிறாளா என்று பாருங்கள். தேய்த்தால் அதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.

மன்னிப்புக் கேட்க வைக்கலாமா?

தான் செய்தது என்ன என்று பிள்ளைக்குப் புரிந்த பிறகு கேட்கலாம். வகுப்பு முன்னால் வேண்டாம். அது இரண்டு பிள்ளைகளுக்கும் தண்டனை.

‘ஸ்கின் கலர்’ க்ரேயான் கொடு என்று கேட்பவர்களை என்ன செய்வது?

“யாரோட ஸ்கின்?” என்று கேளுங்கள், அவ்வளவுதான். க்ரேயோலா நிறுவனமே ‘சதை நிறம்’ என்ற பெயரை 1962இல் ‘பீச்’ என்று மாற்றிவிட்டது.

கண் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சியை எங்கள் பள்ளியில் செய்யலாம் என்று யோசனை. உங்கள் கருத்து?

வேண்டாம். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்பில் அதைச் செய்தார். ஒரு கண் நிறத்தவர் மற்றவரைவிட உயர்ந்தவர் என்று பிள்ளைகளிடம் சொன்னார். உயர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் மற்றவர்களை ஏளனம் செய்ய ஆரம்பித்தார்கள். பாகுபாடு எவ்வளவு சுலபமாக முளைக்கும் என்று பெரியவர்களுக்குக் காட்டிய நிகழ்ச்சி அது. ஆனால் ஒரு பாடத்துக்காக எட்டு வயதுப் பிள்ளைகளை வேண்டுமென்றே அழவைக்க எனக்கு மனம் வராது.

எப்போது இதை விளையாட்டுப் பேச்சு என்று விட முடியாது?

விளக்கிச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பச் சொன்னால். ஆசிரியர் முதுகைத் திருப்பும்வரை காத்திருந்து சொன்னால். சொல்லிவிட்டு எதிராளி முகம் வாடுகிறதா என்று பார்த்தால். ஆறு வயதுப் பிள்ளையிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அது கிண்டல், கொடுமை என்றே கையாள வேண்டும்.

பெற்றோரை அழைக்கும்போது “வீட்டில் என்ன பேசுகிறீர்கள்?” என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். “இந்த வார்த்தை எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று சேர்ந்து பார்ப்போமா?” என்று கேட்டிருக்கிறேன். தமிழில் ‘நல்ல கலர்’ என்றாலே வெளுப்பு என்றுதானே அர்த்தம். அதைத் தினமும் கேட்கும் பிள்ளை, கறுப்பை எந்தப் பக்கத்தில் வைக்கும்?

முதல் கேள்வி கேட்டவன்தான் மறுபடி எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி மெலனின் பற்றிச் சொன்னேன். “அப்போ எனக்கும் இருக்கா? எங்க இருக்கு, காட்டு” என்கிறான்.

அவன் கையை அந்தப் பையன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அவனும் சம்மதித்தால். ரப்பர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.