வீட்டு விலை வேறு, கட்டும் செலவு வேறு தம்பி

காரைக்குடியிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் வீடு பார்க்கிறேன், காட்டுத்தீ வரும் என்கிறார்களே, இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு எடுத்தால் போதும் அண்ணே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், தமிழ் வகுப்பு, முருங்கைக்கீரை பற்றியும். அதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். முருங்கைக்கீரைக்கு வழி கண்டுபிடிக்காத செட்டிநாட்டுக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்சூரன்ஸ் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 2017 அக்டோபரில் அதே ஊரில் எரிந்தவற்றில் என் வீடும் ஒன்று.

எங்கள் பகுதி காஃபி பார்க். மலையும் இல்லை, காடும் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில். அன்றைக்கு அரசாங்கத்தின் தீ அபாய வரைபடத்தில் எங்கள் தெரு கிடையாது. கலிஸ்டோகா என்ற ஊர்ப் பக்கம் பிடித்த தீயைக் காற்று விரட்டிக்கொண்டு வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஆறு வழி 101 நெடுஞ்சாலையைத் தாண்டி, பொறி பொறியாக எங்கள் கூரைகளில் விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. ‘நாங்கள் மலைமேல் இல்லை, எங்களுக்கென்ன’ என்று இன்றைக்கும் பேசுகிற நம்மவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, தொகைக்கு வருவோம். வாங்கிய விலைக்கோ பேங்க் கடனுக்கோ கணக்குப் பார்க்காதீர்கள். அந்த ஊரில் விலையில் பெரிய பங்கு மண்ணுக்கு, மண் எரியாது. அதே வீட்டைத் திரும்பக் கட்ட இன்று சதுர அடிக்கு என்ன கேட்கிறார்கள் என்று உள்ளூர் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடமே கேளுங்கள். ஏஜெண்டின் கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணை நம்பி நான் கையெழுத்துப் போட்டது 3,20,000 டாலருக்கு. அதற்குமேல் 25 சதவீதம் கூட்டித் தரும் ‘எக்ஸ்டெண்டட் ரீப்ளேஸ்மெண்ட்’ இருந்ததால் 4,00,000 வந்தது. ஊரே ஒரே நேரத்தில் கட்டினால் கொத்தனாரும் மரமும் என்ன விலை விற்கும்? கட்ட ஆனது 5,10,000. மிச்சத்துக்கு, காரைக்குடியில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றேன். அந்த எக்ஸ்டெண்டட் 50 சதவீதம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அப்புறம் ‘பில்டிங் கோட் அப்கிரேட்’, அதாவது இன்றைய கட்டட விதிப்படி கட்ட ஆகும் கூடுதல் செலவு. 2011 முதல் அங்கே புது வீடு கட்டினால் தீப்பிடித்தால் வீட்டுக்குள் மேலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் கட்டாயம். பழைய வீட்டில் அது கிடையாது, ஆகவே அது உங்கள் செலவு என்பார்கள், பாலிசியில் அந்த வரி இல்லாவிட்டால். திரும்பக் கட்டி முடியும்வரை வாடகை வீட்டில் இருக்கும் செலவுக்கு இரண்டு வருடமாவது தாங்குகிறதா பாருங்கள். சாமான்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் புதுவிலை தருவார்களா என்று கேளுங்கள். வீட்டுக்காரியின் நகைக்குத் தனியாக வரம்பு போட்டிருப்பார்கள், கழுத்துரு (நம் கல்யாணத் தாலி நகை) இருந்தால் தனியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லையென்றால் கடைசியாக ஃபேர் பிளான் என்று 1968 முதல் ஒன்று இருக்கிறது. அடிப்படையில் அது தீ, புகை போன்றவற்றுக்கு மட்டும்தான். திருட்டு, தண்ணீர் சேதத்துக்கெல்லாம் இன்னொரு பாலிசி ஒட்டுப் போட வேண்டும். நிலநடுக்கம் எதிலும் வராது, அது தனி. விலை பேசும்போதே இன்சூரன்ஸ் விலையையும் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் தீ எரியும் நாளில் புதிதாக யாரும் பாலிசி தரமாட்டார்கள்.

பிரீமியத்தில் இருநூறு டாலர் மிச்சம் பிடித்ததை விருந்தில் சொல்லிப் பெருமைப்படும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். 1999-ல் வந்த புதிதில் அப்பார்ட்மெண்டில் மிளகாய் தாளித்து, அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டியே வாசலில் நின்றது. வாடகைக்காரர் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டபோது, இரண்டு பெட்டிக்கு எதற்கு என்று சிரித்தேன். அந்த மாதமே ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளிக்கப் பழகிக்கொண்டேன், இன்சூரன்ஸைப் பழகத்தான் பதினெட்டு வருடம் ஆனது.

இதைக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே வளவு முற்றத்தில் பெண்ணுக்குச் சாமான் பரப்பியிருக்கிறார்கள். ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுதுகிறார். ஒரு கரண்டியைக்கூட விடுவதில்லை. நாமும் வீட்டில் அறை அறையாக, அலமாரியைத் திறந்து, போனில் வீடியோ எடுத்து வெளியே எங்காவது சேமித்து வைத்தால் போதும். நான் செய்யவில்லை. எரிந்த பிறகு கம்பெனி ஆள் பட்டியல் கேட்டபோது, சமையலறையில் என்ன இருந்தது என்பதே எங்களுக்கு நினைவுக்கு வரவில்லை. ஆத்தாவுக்குப் போன் போட்டேன். இரும்புப் பெட்டியிலிருந்து எங்கள் கல்யாணச் சாமான் சிட்டையை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். அங்கே கொண்டுபோனதற்கு மட்டும் நான் ‘ஆமா’ சொல்லிக்கொண்டு வந்தேன்.

“வெண்கல உருளி பெருசு ஒண்ணு. அது அங்கதானே இருந்துச்சு?”

“ஆமா ஆத்தா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அடுத்த வரிக்குப் போனார்.