இணையதளம் வெள்ளையாக நின்றால் போனை மாற்ற வேண்டுமா?

மும்பை மாட்டுங்காவில் பூஜைச் சாமான் கடை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: போன வருடம் ஒருவர் இணையதளம் செய்து கொடுத்தார். என் போனில் நன்றாக வருகிறது. லோக்கல் ரயிலில் திறந்து பார்க்கும் வாடிக்கையாளர்களோ வெள்ளைப் பக்கம்தான் தெரிகிறது என்கிறார்கள். தளம் செய்தவரைக் கேட்டால், "ஜாவாஸ்கிரிப்ட் அப்படித்தான், அவர்களைப் போனை மாற்றச் சொல்லுங்கள், அல்லது ஆப் போடலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: போனை மாற்ற வேண்டாம், ஆப்பும் வேண்டாம். தளத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

பொருளின் பெயர், விலை, படம் எல்லாவற்றையும் முதலில் வந்து சேரும் எச்.டி.எம்.எல் பக்கத்திலேயே, அதாவது தளத்தின் அடிப்படைக் கோப்பிலேயே வைக்கலாம். அவரோ வெற்றுப் பக்கத்தை அனுப்பிவிட்டு, கற்பூரத்தின் விலையைக்கூட, பின்னால் தனிக் கோப்பாக வந்து உலாவியில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் நிரப்பட்டும் என்று விட்டிருக்கிறார். தாதருக்கும் குர்லாவுக்கும் நடுவே சிக்னல் அறுந்து அந்தக் கோப்பு வராமல் போனால் கடையே தெரியாது. "யார் ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைக்கிறார்கள்?" என்று அவர் வாதாடுவார். 2013இல் பிரிட்டன் அரசின் இணையப் பிரிவு கணக்கெடுத்தபோது 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை. அணைத்து வைத்தவர்களும் அது ஓடாத உலாவிக்காரர்களும் அந்த 1.1இல் 0.2 மட்டும்தான். மற்றவர்களுக்கு ஓட வேண்டியது ஓடவில்லை.

நீங்களே சோதிக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் குரோம் அமைப்புகளுக்குள் தள அமைப்புகள் என்ற பகுதிக்குப் போய் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் தளத்தைத் திறங்கள். பொருளும் விலையும் முகவரியும் தெரிய வேண்டும். எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். ஆர்டர் படிவமும் போய்ச் சேர வேண்டும். 1990களிலிருந்தே படிவங்கள் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. சோதித்ததும் மறக்காமல் திரும்ப இயக்கிவிடுங்கள்.

பணம் கட்டும் இடம் மட்டும் விலக்கு. அந்தச் சாளரங்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில்தான் ஓடுகின்றன. அதில் உங்கள் கை ஓங்காது. ஆனால் ஆர்டர் முதலில் பதிவாகி, அதன் பிறகே பணப் பக்கம் திறக்க வேண்டும். பணம் தடைப்பட்டாலும் யார் என்ன கேட்டார் என்பது உங்களிடம் இருக்கும். கூடவே யுபிஐ ஐடியை எழுத்தாகப் போடச் சொல்லுங்கள். கியூஆர் படம் மட்டும் இருந்தால், அதே போனில் பார்த்துக்கொண்டிருப்பவர் எதை வைத்து ஸ்கேன் செய்வார்?

பயிற்சி நிலையங்கள் ஒரு படிவம் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லித் தராமல் நேராக ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் உட்கார வைக்கின்றன. அதன் விலையை உங்களைப் போன்ற கடைக்காரர்கள் கொடுக்கிறார்கள். அரசுப் படிவங்களிலேயே பொத்தானை அழுத்திவிட்டுச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டில் யாரிடம் முறையிடுவது?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற பலர் இதில்தான் மாட்டியிருக்கிறார்கள். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? அவர் பெயரில் என்றால், நாளை நீங்கள் ஆளை மாற்ற நினைக்கும்போது கடையின் பெயர் அவர் கையில் இருக்கும். திருத்த வேலையைப் பேசும் முன்பே டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன சோதனையை உங்கள் கண்முன் செய்து காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.