கேள்வி – பதில்: அக்கம்பக்கமும் பிள்ளைகளின் மனநலமும்

சமூக வாழ்க்கைக்கும் மாணவர் நலனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று மூவர் கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டது என்பது பத்து மணிக்குள், தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் முழுக்கத் தெரிந்துவிடும். இப்போது பதினோராவது மாடியில் குடியிருக்கிறோம். எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாது. அக்கம்பக்கம் நன்றாக இருந்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது இது எங்கள் தலைமுறையின் ஏக்கம்தானா? (இல்லத்தரசி, செந்தூல்)

பதில்: ஏக்கம் மட்டுமன்று, அம்மா. ஆனால் அந்த ஆதாரம் நீங்கள் நினைக்கும் பக்கமே முழுவதும் சாய்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1988-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆறு பிள்ளைகளோடு டெட்ராய்ட் நகரின் புறநகரிலிருந்து ஜெருசலத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயைப் பற்றிக் கூறுகிறார். அங்கே தன் எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளையை நகரப் பேருந்தில் பள்ளிக்கு அழைத்துச் செல்வதையும், பூங்காவில் துணையின்றி விளையாடுவதையும் அந்தத் தாய் அனுமதித்தார். முன்பிருந்த ஊரில் அதற்கு அவர் துணிந்ததில்லை. கண்ணில் படும் பிள்ளையை யார் பிள்ளையானாலும் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை என்ற வழக்கம் அந்த ஊரில் இருந்ததுதான் காரணம் என்கிறார் கோல்மன். உங்கள் லயத்தில் இருந்ததும் அதுவே.

அவர் முன்வைத்த கருத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உங்கள் மகளும் அவளுடைய தோழியும் நெருக்கமாக இருக்கலாம். ஆனால் நீங்களும் அந்தத் தோழியின் தாயும் ஒருவரையொருவர் அறிவீர்களா என்று அவர் கேட்டார். அறிந்திருந்தால் வட்டம் மூடுகிறது. பிள்ளையைப் பற்றிய செய்தி இரண்டு வீடுகளுக்கும் நடுவே விழுந்து தொலைந்துபோவதில்லை. பெற்றோர் தேவாலயத்தின் வழியாக ஒருவரையொருவர் அறிந்திருந்த கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளிகளில் இடைநிற்றல் 3.4 விழுக்காடாகவும், அரசுப் பள்ளிகளில் 14.4 விழுக்காடாகவும் இருந்ததை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். வசதியான மற்றத் தனியார் பள்ளிகளில்கூட அது 11.9 விழுக்காடாக இருந்ததால், பணம் மட்டும் இதை விளக்கிவிடாது என்பது அவருடைய வாதம்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1999-இல், மார்கன், சோரன்சன் என்ற இரு சமூகவியலாளர்கள் அதே கருத்தைக் கணிதத் தேர்ச்சியைக் கொண்டு சோதித்தார்கள். மாணவர்களுக்கிடையே நட்பு அடர்த்தியாக இருந்த அரசுப் பள்ளிகளில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. ஆனால் பெற்றோர்கள் ஒருவரையொருவர் மிக அதிகமாக அறிந்திருந்த அரசுப் பள்ளிகளில் அது குறைவாகவே இருந்தது. சில பள்ளிச் சமூகங்கள் நெறியைக் காக்கின்றன, வேறு சில பிள்ளைகளின் பார்வையை விரிக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல என்பது அவர்கள் தந்த விளக்கம். இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

நானும் தோட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் இந்த விளக்கத்தை எளிதில் ஒதுக்க முடியவில்லை. மட்டம் போட்ட பையனைப் பத்து மணிக்குள் கண்டுபிடித்த அதே லயம்தான், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனோடு இரண்டு வார்த்தை பேசிய பெண்ணைப் பற்றி, அவள் வீடு வந்து சேர்வதற்குள் அவள் அப்பாவுக்குச் செய்தி சொன்னது. என் அக்காள் படிவம் 6 படிக்க அலோர் ஸ்டார் போக விரும்பியபோது பொதுக் குழாயடியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவள் போகவில்லை. ஒரு பிள்ளையை ஊர் அறிந்திருப்பது வேறு, அதைக் கண்காணிப்பது வேறு. முன்னதில்தான் பிள்ளைக்குத் தெம்பு கிடைக்கிறது.

ஆகவே, லயத்தை மாடிவீட்டில் மீண்டும் கட்ட முயல வேண்டாம். உங்கள் மகளுடைய நெருங்கிய தோழிகள் மூவரின் தாய்மார்களோடு அறிமுகமாகி, கைப்பேசி எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சு தானாகத் தொடங்கும். கோல்மன் சொன்ன வட்டத்துக்கு அந்த மூன்று வீடுகள் போதும். மாடியில் உள்ள எல்லாரும் தேவையில்லை.

கேள்வி: நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. முதுகலை ஆய்வுக்காக ஒருவர் தந்த வினாநிரலை நிரப்பினேன். பதற்றத்துக்கு என் மதிப்பெண் 16, அதாவது ‘கடுமையானது’ என்று வந்தது. எனக்கு மனநோய் இருக்கிறதா?

பதில்: அந்த மதிப்பெண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் நிரப்பியது டாஸ்-21 என்ற வினாநிரலாக இருக்க வேண்டும். 1995-இல் ஆஸ்திரேலிய உளவியலாளர்கள் வெளியிட்டது, மலேசியாவில் மலாய் மொழியாக்கத்தில் மிகப் பரவலாகப் பயன்படுவது. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏழு கூற்றுகள் உண்டு. கடந்த ஒரு வாரத்தில் அது உங்களுக்கு எவ்வளவு பொருந்தியது என்று 0 முதல் 3 வரை குறிக்கிறீர்கள். ஏழையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் மதிப்பெண் வரும். 15 முதல் 19 வரை ‘கடுமையானது’ என்ற கட்டத்துக்குள் விழும். அப்படியானால் உங்களுடைய 16 என்பது கூட்டிப் பார்த்தால் எட்டுப் புள்ளிதான். நான்கு கூற்றுகளுக்குத் தலா இரண்டு போட்டாலே அது வந்துவிடும்.

அந்தக் கூற்றுகளில் வாய் வறண்டுபோவதும் உண்டு, உழைப்பு ஏதுமில்லாமலே நெஞ்சு படபடப்பதும் உண்டு. தேர்வு வாரத்தில் நள்ளிரவுக்கு மேல் மூன்றாவது கோப்பி-ஓ குடித்துவிட்டு நிரப்பினால் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இந்த வினாநிரல் கூட்டங்களை ஒப்பிட உதவும். ஒருவருடைய நோயை அறுதியிட உதவாது. 2017-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் ஐந்தில் இருவருக்குப் பதற்ற அறிகுறி இருப்பதாகக் கூறியதும் இதே வினாநிரலைக் கொண்டுதான். ஐந்தில் இருவர் நோயாளிகள் என்று அதற்குப் பொருளன்று. கவனிக்கப்பட வேண்டியவர்கள் அத்தனை பேர் என்றே கொள்ள வேண்டும்.

நிரப்பும் இடமும் விடையை மாற்றும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் ஆய்வின் களப்பணிக்கு, வீடு வீடாகக் கேள்வி கேட்டு விடை குறிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த படிவம் 2 மாணவியிடம், மனம்விட்டுப் பேச வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் சட்டென்று நின்றது. அந்தப் பெண் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, “அம்மா இருக்காங்க, சார்” என்றாள். நான் ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன். அந்த ‘ஆம்’ எங்கோ ஒரு விழுக்காட்டுக்குள் இன்னும் இருக்கும்.

இருந்தாலும் ஒன்று. தேர்வு முடிந்த பிறகும் தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால், பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் கிடைக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வெளியே சொன்னால் காவல்துறை வழக்காகிவிடும் என்று இன்னும் சில வீடுகளில் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் பன்னிரண்டு பேர்தான். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில், ஒரு வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரே இருப்பார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகளும் படிவம் 1-இல் வாடிப்போகிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா? (ஆசிரியை, செபராங் பிறை)

பதில்: முடியும், அதற்குப் பெரிய செலவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோகன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாண்டு மாணவர்கள் 92 பேரில் ஒரு பகுதியினருக்கு, மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘இங்கே நான் ஒட்டமாட்டேன் என்ற எண்ணம் தொடக்கத்தில் எல்லாருக்கும் வருகிறது, நாளடைவில் தணிகிறது’ என்பதே அவற்றின் சாரம். அதைப் பற்றி மாணவர்களைச் சொந்த வார்த்தைகளில் எழுதவும், அடுத்த ஆண்டு வரப்போகிறவர்களுக்காக ஒளிப்பதிவில் பேசவும் வைத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரம். அடுத்த மூன்று ஆண்டுகளில், கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது.

தொண்ணூற்று இரண்டு பேரை வைத்து உலகத்துக்கே விதி சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 2023-இல் வால்டனும் அவருடைய குழுவினரும் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் எங்கும் அன்று. தங்களைப் போன்ற மாணவர்கள் கலந்து பழகவும் சேர்ந்துகொள்ளவும் உண்மையிலேயே வாய்ப்பிருந்த இடங்களில்தான் அந்த வார்த்தைகள் வேலை செய்தன. நிலம் பதமாக இல்லாவிட்டால் விதை என்ன செய்யும்?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, உங்கள் பள்ளியில் படித்து இப்போது படிவம் 3-இல் இருக்கும் இரண்டு மூன்று பேரை வரவழையுங்கள். அறிவுரை சொல்லச் சொல்லாதீர்கள்; முதல் மாதம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லட்டும். அப்படி ஒரு சந்திப்பில் ஒரு பையன், முதல் மூன்று வாரம் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் நின்றபடியே தனியாகப் பீகூன் சாப்பிட்டதாகவும், பூப்பந்து விளையாட ஓர் ஆள் குறைகிறது என்று ஒரு சீனப் பையன் கூப்பிட்ட பிறகுதான் மேசையில் உட்கார்ந்ததாகவும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. இரண்டாவது வேலை நிலத்தைப் பதப்படுத்துவதற்கானது: எந்தப் புறப்பாட மன்றத்தில் இடம் இருக்கிறது என்பதை இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஒன்றில் சேரச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறான். ஆனால் கோயில் இளைஞர் குழு, உறுமிமேளம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று அலைகிறான். நிறுத்திவிடலாமா? (தந்தை, பட்டர்வொர்த்)

பதில்: தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் உறுமியை இறக்கி வைக்கச் சொல்லுங்கள்; குழுவிலிருந்து பெயர்க்க வேண்டாம். குழுவில் சேரும் பிள்ளைகள் சேராதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்றோ மோசமாக இருக்கிறார்கள் என்றோ யார் சொன்னாலும் ஒன்றைக் கேளுங்கள்: சேர்வதற்கு முன்பே அவர்கள் எப்படி இருந்தார்கள்?

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களுக்கு எப்போதாவது சந்திப்பவர்களே வழி காட்டினார்கள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். உங்கள் மகனின் குழுவில் எல்லாரும் அவன் வயது, அவன் தாமான் (குடியிருப்புப் பகுதி) என்றால் மகிழ்ச்சி கிடைக்கும், வழி கிடைக்காது. பல்கலைக்கழகத்திலோ தொழிற்பயிற்சிக் கல்லூரியிலோ படிக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தால் அந்தக் குழுவின் மதிப்பே வேறு. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பு பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக்கி, வகுப்போடு வழிபாட்டையும் சேர்த்தது இதனால்தான் பலன் தந்தது என்பது என் கணிப்பு.

கேள்வி: எங்கள் மக்கள் வீடமைப்புக் குடியிருப்புக்கு ஆண்டுக்கு இரண்டு குழுக்களாவது ஆய்வு என்று வருகிறார்கள். பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிறார்கள், ஒரு பேனாவும் பிஸ்கட்டும் தருகிறார்கள், போய்விடுகிறார்கள். எங்களுக்கு என்ன பயன்? (குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், கோலாலம்பூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பயன்பட்ட ஆய்வுகளும் இல்லாமலில்லை: யுனிசெப் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள 17 மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 966 குடும்பங்களையும் 2,142 பிள்ளைகளையும் ஆராய்ந்து, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேர்தான் பாலர்பள்ளிக்குப் போகிறார்கள் என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நகரத்து வறுமையைப் பற்றி நாடு பேசத் தொடங்கியதில் அதற்குப் பங்குண்டு.

அடுத்த குழு வரும்போது ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் கேள்வி கேட்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைக்கும் சம்மதம் இருக்க வேண்டும். பாதியில் வேண்டாம் என்று எழுந்து போகவும் அதற்கு உரிமை உண்டு. பிள்ளையிடம் தனியாகப் பேச இடம் கேட்டால் சங்க அறையைத் திறந்து கொடுங்கள், கதவு மட்டும் திறந்திருக்கட்டும். கையெழுத்துக்குக் கீழே, ‘ஆய்வு முடிவை இக்குடியிருப்பாளர்களுக்கு இரண்டு பக்க அளவில், தமிழிலும் மலாயிலும் தர வேண்டும்’ என்று சங்கத்தின் சார்பில் எழுதி, ஆய்வாளரின் மேற்பார்வையாளர் பெயரையும் பல்கலைக்கழக முகவரியையும் வாங்கி வையுங்கள். ஆறு மாதத்தில் வராவிட்டால் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள்; அதன் படியை எனக்கும் அனுப்பி வையுங்கள்.