கேமரா கேள்வி-பதில்: இந்த விலைக்குக் கொடுக்கிறாரே, ஏன்?

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கும் ஓர் அண்ணனுக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு கேமரா இருந்தால் தனியாகவும் எடுக்கலாம் என்று ஆசை. நிக்கான் டி750 பாடியையும் ஒரு 50 எம்எம் லென்ஸையும் சேர்த்து, மற்றவர்கள் செகண்ட் ஹேண்டுக்குச் சொல்லும் விலையில் பாதிக்கும் கீழே தருவதாக ஒருவர் சொல்கிறார். "அதிகமா யூஸ் பண்ணவே இல்ல, சும்மா அலமாரியிலதான் கிடந்தது. இன்னொருத்தர் பணத்தோட ரெடியா இருக்கார், இன்னைக்குள்ள சொல்லுங்க" என்கிறார். அனுப்பிய படங்களில் புதுசு மாதிரிதான் இருக்கிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: இன்றைக்குள் சொல்லச் சொன்னால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நேரில் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று. அந்த "இன்னொருத்தர்" வந்து வாங்கிக்கொண்டு போனால் போகட்டும். டி750 ஏராளமாக விற்ற மாடல். இது போனால் இன்னொன்று வரும்.

முதலில் அந்த விலையைச் சரியான இடத்தில் வைத்துப் பார்ப்போம். டி750 வந்தது 2014-ல். 2018-ல் நிக்கான் இசட் மவுன்ட் என்ற மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களைக் கொண்டுவந்தது. அதன்பின் பலர் மிரர்லெஸ் பக்கம் போனார்கள், டி750 மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர்களின் விலை இறங்கியது. அதனால் புதிதாக விற்றபோது இருந்த விலையில் கால்வாசிக்கு ஒரு டி750 கிடைத்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அது இல்லை. மற்றவர்கள் இன்றைக்குச் செகண்ட் ஹேண்டுக்குச் சொல்லும் விலையிலேயே பாதிக்கும் கீழே. அப்படியென்றால் அந்தக் குறைவுக்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. கேமரா ஓடி ஓடித் தேய்ந்திருக்கலாம், விழுந்தோ நனைந்தோ இருக்கலாம், அவருடையதாகவே இல்லாமல் இருக்கலாம், அல்லது கேமரா என்று ஒன்றே இல்லாமலும் இருக்கலாம். நிஜமாகவே பணமுடை என்று அவசரத்தில் விற்பவர்களும் உண்டு. அவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் கேமராவை உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் பார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார்.

கேமராவே இல்லையோ என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், அது சுலபம். ஒரு தாளில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேமரா கையில் இருப்பவருக்கு ஒரு நிமிட வேலை. "முன்பணம் போடுங்க", "கூரியர் செலவை மட்டும் அனுப்புங்க" என்று பேச்சு திரும்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டு, ஒரு லேப்டாப், ஒரு சின்ன டார்ச், இவை போதும். வெளிச்சம் உள்ள, நாலு பேர் நடமாடும் இடமாகச் சொல்லுங்கள். அந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் கார்டைப் போட்டு ஒரு ஜேபெக் எடுத்து லேப்டாப்பில் திறந்து எக்ஸிஃப் விவரத்தை, அதாவது படத்தோடு கேமரா பதிந்து வைக்கும் குறிப்புகளைப் பாருங்கள். நிக்கானில் ஒரு வசதி, ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை) இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற எண் படத்துக்குள்ளேயே பதிவாகும். அதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டிலிருந்து நேராக எடுத்த கோப்பாக இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த விவரமெல்லாம் கழன்றுபோயிருக்கும். கோப்பின் பெயரில் உள்ள எண்ணைக் காட்டி "பாருங்க, ஆயிரத்துச் சொச்சம்தான் எடுத்திருக்கு" என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். 9999 வந்ததும் அது மறுபடி 0001-க்குப் போய்விடும், நடுவில் நாமே அழித்தும் தொடங்கலாம்.

டி750 ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. அது காலாவதித் தேதி இல்லை. அதைத் தாண்டியும் நன்றாக ஓடும் கேமராக்கள் என் மேசைக்கு வருகின்றன, பாதியிலேயே போனவையும் வருகின்றன. நிகழ்ச்சி எடுப்பவரிடம் இருந்த கேமராவில் லட்சத்தைத் தாண்டிய எண் இருந்தால், அவர் அதை ஒளிக்காமல் சொன்னால், விலையும் அதற்கேற்ப இருந்தால், நான் பயப்பட மாட்டேன். ஷட்டரை மாற்ற முடியும். எனக்குப் பயம் வருவது எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாதபோதுதான். எண் ஐயாயிரம் என்று காட்டுகிறது, ஆனால் கட்டைவிரல் படும் ரப்பர் பளபளத்துக் கிடக்கிறது, பட்டை மாட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் போயிருக்கிறது, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் உலோகம் வெளியே தெரிகிறது என்றால் அந்தக் கேமரா எங்கேயோ நன்றாக உழைத்திருக்கிறது. ஒருவேளை வீடியோவுக்கு ஓடியிருக்கலாம், வீடியோ எவ்வளவு நேரம் ஓடினாலும் இந்த எண் பெரிதாக ஏறாது. அலமாரியில் கிடந்தது என்ற கதை மட்டும் அங்கே நிற்காது.

இந்த மாடலுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. 2014-ன் கடைசியில் தயாரான சில டி750-களில் ஷட்டர் சரியாக வேலை செய்யாமல் படத்தின் ஒரு பகுதி நிழலடிக்கலாம் என்று 2015-ல் நிக்கானே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. பிறகு அந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது. சீரியல் எண்ணை வாங்கி நிக்கான் சேவை மையத்தில் கேட்டுவிடுங்கள். நீங்களே பார்க்கவும் வழி இருக்கிறது. வெள்ளைச் சுவரை, இதன் உச்ச வேகமான 1/4000-ல் வரிசையாகப் பல படங்கள் எடுங்கள். ஏதாவது ஒரு படத்தில் ஓரமாகக் கறுப்புப் பட்டை விழுந்தாலோ, ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் மாறி மாறி வந்தாலோ ஷட்டர் சரியில்லை.

படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரைப் பார்க்க அதே சுவர் போதும். ஃபோகஸைக் கலைத்துவிட்டு, லென்ஸின் துளையை எஃப்16-க்குச் சின்னதாக்கி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான உருண்டைப் புள்ளிகள் தூசி, சுத்தம் செய்தால் போய்விடும், அதற்காக ஒரு கேமராவை வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை. மெல்லிய கோடு மாதிரி, எத்தனை படம் எடுத்தாலும் அதே இடத்தில் தெரிந்தால் அது கீறலாக இருக்கலாம், அங்கே கை வைக்காதீர்கள். அப்புறம் லென்ஸை மூடிவிட்டு ஒரு 20 விநாடிப் படம் எடுங்கள். ஒன்றிரண்டு சிவப்பு, நீலப் புள்ளிகள் எந்தக் கேமராவிலும் வரும். கொத்துக் கொத்தாக வந்தால்தான் யோசிக்கவேண்டும்.

விழுந்ததையும் நனைந்ததையும் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சமீபத்தில் ஒருவர் ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். வெளியே துடைத்து வைத்த மாதிரி அவ்வளவு சுத்தம். அவர் வாங்கிய மறுவாரமே ஆன் ஆகவில்லையாம். பேட்டரிக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே இருக்கும் தகட்டு முனைகளில் ஒன்றின் அடியில் மட்டும் பச்சையாக, உப்புப் பூத்த மாதிரி மெல்லிய பொடி. லென்ஸ் மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) திருகுகளில் இரண்டின் தலை நசுங்கியிருந்தது, யாரோ சரியில்லாத ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திறந்திருக்கிறார்கள். கழற்றினால் போர்டில் பாதி அரித்துப்போயிருந்தது. உப்புத் தண்ணீர் போன கேமரா அப்படித்தான், காய வைத்தால் கொஞ்ச நாள் ஓடும், உள்ளே அரிப்பு நிற்காது. வாங்கும்போதே அந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் வாங்கியவர் அதை வைத்துத்தான் சம்பாதிக்க இருந்தார்.

அதனால் பேட்டரி அறை, கார்டு அறை, ஃபிளாஷ் ஷூ, அடிப்பக்கத் திருகுகள், எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே உள்ள சின்னத் திரைக்குள் ஈரம் படிந்த அடையாளம் இருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் லென்ஸின் ஃபில்டர் வளையம் காட்டிக்கொடுக்கும், ஒரு பக்கம் லேசாகத் தட்டையாகியிருக்கும். ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று எஃப்4-ல் எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே அளவு தெளிவாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் லென்ஸோ மவுன்ட்டோ கோணியிருக்கிறது. லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால், உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஏதும் தெரிகிறதா பாருங்கள். அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. 50 எம்எம் லென்ஸ் வேறு கிடைக்கும், அதற்காகப் பாடியை விடவேண்டாம், ஆனால் அந்த லென்ஸுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பேட்டரிக்கு மெனுவிலேயே ஒரு வசதி இருக்கிறது. செட்டப் மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்று இருக்கும். அதில் பேட்டரியின் வயது 0-விலிருந்து 4 வரை காட்டும். 0 என்றால் புதுசு, 4 என்றால் மாற்றவேண்டியது. "அதிகமா யூஸ் பண்ணவே இல்ல" என்று சொன்னவரின் கேமராவில் கூடவே வந்த பேட்டரி 4 காட்டினால், நான் அவரையே விளக்கம் கேட்பேன்.

இனி, கேமரா அவருடையதுதானா என்பது. இதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். கேமரா திருட்டுக் கொடுத்து அழுதவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதில் பணத்தைவிட, கார்டில் இருந்த படங்கள் போனதுதான் அவர்களுக்குப் பெரிய இழப்பு. கேமரா உடம்பில் உள்ள சீரியல் எண், எக்ஸிஃப்பில் தெரியும் சீரியல் எண், பெட்டியில் உள்ளது, பில்லில் உள்ளது, எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். பில் தொலைந்துபோவது சகஜம், அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. அந்த எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். சார்ஜர் இல்லை, பட்டை இல்லை, பெட்டி இல்லை, வெறும் பாடியும் லென்ஸும் மட்டும் என்றால் பையிலிருந்து எடுக்கப்பட்ட கேமராவோ என்று யோசியுங்கள். செட்டப் மெனுவில் காப்பிரைட் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். தொழில்முறையில் எடுப்பவர்கள் பலரும் அங்கே தங்கள் பெயரைப் போட்டு வைப்பார்கள். திருடியவருக்கு அதை அழிக்கத் தோன்றுவதில்லை. அங்கே வேறு பெயர் இருந்தால், "இவர் யாரு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அந்தப் பெயருக்குரியவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் விற்பவர் உடனே சொல்லிவிடுவார்.

இத்தனையையும் பார்க்க அரைமணி நேரம் ஆகும். எல்லாம் சரியாக இருந்து, அவரும் பொறுமையாக இருந்தால் வாங்குங்கள், நல்ல கேமரா அது, குறைந்த வெளிச்சத்தில் நிகழ்ச்சி எடுக்க இன்றைக்கும் தாராளமாகப் போதும். பணம் கொடுக்கும்போது சீரியல் எண், தேதி, தொகை, அவர் பெயர் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு கடை புத்தம்புதுக் கேமராவையே மற்ற எல்லாரையும்விட மிகக் குறைவாகப் போட்டிருக்கிறது. ஆர்டர் போட்டதும் போன் செய்து, பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனி, கூடவே வாங்கினால்தான் சீக்கிரம் அனுப்புவோம் என்கிறார்கள். இது வழக்கமா?
— ஒரு வாசகர்

பதில்: வழக்கம்தான், நல்ல வழக்கம் இல்லை. பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்ய ஒரு வழியும் கேமராவோடு தயாரிப்பாளர் பெட்டியிலேயே வைத்து அனுப்புபவை. சில புது மாடல்களில் தனிச் சார்ஜருக்குப் பதில் யுஎஸ்பி வழி இருக்கும். பெட்டியில் என்னென்ன இருக்கவேண்டும் என்று தயாரிப்பாளரின் பட்டியலிலேயே போட்டிருக்கும். அதைப் பிரித்து எடுத்துத் தனியாக விற்று, விட்ட லாபத்தைப் பிடிக்கிறார்கள். ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள். இன்னொன்று, வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான கேமராவை இங்கே கொண்டுவந்து விற்பதாலும் விலை குறையும். கேமரா அசல்தான், ஆனால் தயாரிப்பாளரின் வாரன்டி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். "கடை வாரன்டி" என்று மட்டும் எழுதியிருந்தால் அதுதான் அர்த்தம்.

கேள்வி: 2000-களில் வந்த சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. அந்தக் காலத்து நிறம் பிடித்திருக்கிறது. எடுக்கலாமா?
— ஒரு வாசகர்

பதில்: தாராளமாக. கார்டை மட்டும் முதலில் கேளுங்கள். அந்த நாட்களில் ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் கேமராக்கள் பல எக்ஸ்டி என்ற தனி வகைக் கார்டு கேட்கும். அது இப்போது புதிதாக வருவதில்லை, பழையதைத் தேடிப் பிடிக்கவேண்டும். எஸ்டி கார்டு போடும் கேமராவாக இருந்தாலும் 2006-க்கு முன்னால் வந்தது என்றால் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல் படிக்காது. வீட்டில் இருக்கும் 32 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா கெட்டுப்போச்சு என்று நினைக்கவேண்டாம். ஆன் செய்ததும் திரை முழுக்க ஊதா நிறமாகவோ கோடு கோடாகவோ வந்தால் சிசிடி எனும் அந்தக் காலத்துச் சென்சார் போய்விட்டது. அந்தக் காலத்துச் சென்சார்கள் சிலவற்றில் இருந்த குறையை 2005 வாக்கில் பல நிறுவனங்கள் ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தன. இப்போது மாற்றித் தர ஆள் இல்லை. ஜூம் வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வருகிறதா என்று சில தடவை பாருங்கள். பேட்டரி டபுள் ஏ வகையாக இருந்தால் இன்னும் நல்லது.