கூடை வரை வருகிறார்கள், காசு வரை வருவதில்லை

சொந்தமாக ஆன்லைன் கடை நடத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கைத்தறிச் சேலை விற்கிறோம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டி தினமும் முந்நூறு பேர் வரை வருகிறார்கள். ஆர்டர் ஒன்று, இரண்டைத் தாண்டவில்லை. விளம்பரச் செலவைக் கூட்டலாமா?
– வாசகி, சின்னாளபட்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வருகிறவர்கள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில் நான்கு எண்கள் போதும்: பொருள் பக்கத்தைப் பார்த்தவர்கள், கூடையில் போட்டவர்கள், செக்-அவுட் (முகவரி கொடுத்துப் பணம் கட்டும் கட்டம்) தொடங்கியவர்கள், பணம் கட்டியவர்கள். எந்த இரண்டுக்கு நடுவே பெரிய சரிவோ அங்கேதான் வேலை. இன்ஸ்டாகிராம் காட்டும் க்ளிக் கணக்கைவிட முதல் எண்ணே ரொம்பக் குறைவு என்றால், பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விட்டார். சேலைக் கடைகளில் இதற்குப் பெரும்பாலும் படங்கள்தான் காரணம்.

கேமராவில் எடுத்த படம் ஒன்றே 4 எம்.பி. வரும், சேலைக்கு ஆறு படம் என்றால் 24 எம்.பி. அகலத்தை 1080 பிக்சலுக்குக் குறைத்து, இணையத்துக்கென உள்ள வெப்-பி வடிவில் சேமித்தால் ஒரு படம் 100 முதல் 150 கே.பி.க்குள் அடங்கிவிடும். ரொம்பவும் சுருக்கினால் ஜரிகை இழைகள் கலங்கித் தெரியும். அதனால் நெருக்கத்தில் பார்க்க 2000 பிக்சல் படம் ஒன்றைத் தனியாக வைத்து, தட்டினால் மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். கீழே உள்ள படங்களுக்கு லேஸி லோடிங் (அந்த இடத்துக்கு உருட்டும்போதுதான் படம் இறங்கும் முறை) நல்லது. முதல் படத்துக்கு அது இருக்கவே கூடாது, இருந்தால் முக்கியமான படம்தான் தாமதமாக வரும். எல்லாப் படத்துக்கும் நீளம், அகலம் குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதித்து, 'கூடையில் சேர்' பட்டனைத் தட்டப்போன விரல் வேறெதையோ தட்டிவிடும்.

பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டியதற்கு 200 மில்லி விநாடிக்குள் அசைவு வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுள் கருவியில் தள முகவரியைக் கொடுத்தால் இலவசமாகச் சொல்லிவிடும். மொபைல் மதிப்பெண்ணைப் பாருங்கள்; டெஸ்க்டாப் மதிப்பெண்ணைக் காட்டி பில் போடுகிறவர்கள் உண்டு.

சரிவு பணம் கட்டும் இடத்தில் என்றால் இன்ஸ்டாகிராமையே சந்தேகப்படுங்கள். விளம்பரத்தைத் தட்டினால் தளம் குரோமில் திறப்பதில்லை, செயலிக்குள்ளேயே உள்ள பிரவுசரில் திறக்கிறது. குரோமில் சேமித்து வைத்த முகவரி அங்கே தானாக நிரம்பாது. யு.பி.ஐ. செயலியைத் தேர்ந்தெடுத்தால் சில போன்களில் அது திறக்காமலே நிற்கும். உங்கள் விளம்பரத்தை நீங்களே தட்டி, ஒரு ரூபாய்க்குச் சோதனைப் பொருள் வைத்து, கடைசி வரை வாங்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும். மாட்டிக்கொண்டால், தளத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் 'செயலிக்குள் பிரவுசரில் யு.பி.ஐ. திறக்கவில்லை' என்றே சொல்லுங்கள். தீர்வு அவர்கள் பக்கத்தில்தான் இருக்கும். அதுவரை, பணம் கட்ட முடியாமல் போனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பேமென்ட் லிங்க் அனுப்பலாம்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. 'பச்சை' என்று மட்டும் போடாதீர்கள். ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து என்று எழுதினால் வாங்குபவருக்குப் புரிகிறது, போன் திரை கொஞ்சம் மாற்றிக் காட்டினாலும் ஏமாற்றம் குறையும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காமல் காலை நேர நிழலில் எடுங்கள். முந்தானை, உடல், பார்டர், ரவிக்கைத் துணி நான்கும் தனித்தனியாகத் தெரியட்டும். நீளம், ரவிக்கைத் துணி உண்டா, எடை எத்தனை கிராம் என்பதெல்லாம் விலைக்குக் கீழேயே இருக்கட்டும்.

கேள்வி: இட்லிப் பொடி, பருப்புப் பொடி விற்கிறேன். 100 கிராம் பாக்கெட் 80 ரூபாய். கூடையில் போட்டுவிட்டு, கூரியர் கட்டணத்தைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள்.
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: 80 ரூபாய்ப் பொடிக்கு 70 ரூபாய் கூரியர் என்று கடைசிப் பக்கத்தில் சொன்னால் யாரும் போகத்தான் செய்வார்கள். கட்டணத்தைப் பொருள் பக்கத்துக்கே கொண்டு வாருங்கள். விலைக்குக் கீழே பின்கோடு பெட்டி ஒன்று. ஆறு இலக்கத்தைப் போட்டதும் எத்தனை ரூபாய், எத்தனை நாள் என்று தெரிய வேண்டும்.

அடுத்தது பெட்டி. கூரியர்காரர்கள் பெரும்பாலும் 500 கிராம் அடுக்காகத்தான் கட்டணம் போடுகிறார்கள். உண்மை எடை மட்டுமல்ல, நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் எடையையும் பார்ப்பார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். (சில நிறுவனங்களில் வகுக்கும் எண் வேறு; ஒப்பந்தத்தில் பாருங்கள்.) உங்கள் பெட்டி 20 × 15 × 10 என்றால் 0.6 கிலோ. உள்ளே 450 கிராம்தான் இருந்தாலும் அடுத்த அடுக்குக்குப் போய்விடுவீர்கள். உயரத்தை 8 சென்டிமீட்டராகக் குறைத்தால் 0.48 கிலோ, முதல் அடுக்கிலேயே நிற்கும். 100 கிராம் பாக்கெட் நான்கும் அட்டைப்பெட்டியும் 500 கிராமுக்குள் அடங்கும் என்பதால், நாலு பொடி சேர்ந்த செட் ஒன்றை முதல் பொருளாக வையுங்கள். 320 ரூபாய்க்கு 70 ரூபாய் யாருக்கும் உறுத்தாது.

முகவரிப் படிவத்தையும் கவனியுங்கள். கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். மொபைல் நம்பர், பின்கோடு கட்டங்களைத் தொட்டால் எண் கீபோர்டுதான் வர வேண்டும். பின்கோடைப் போட்டதும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பட்டும். 'அருகில் உள்ள அடையாளம்' என்று ஒரு கட்டம் அவசியம். டெலிவரி ஆள் போனில் வழி கேட்பது குறையும். உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணும், நிகர எடையும், எம்.ஆர்.பி.யும் பொருள் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

கேள்வி: '7 பேர் இப்போது பார்க்கிறார்கள்', 'இன்னும் 10 நிமிடமே' என்று ஓடும் கடிகாரம் போட்டால் விற்பனை கூடும் என்கிறார் தளம் செய்து தருபவர்.
– வாசகர், திருப்பூர்

பதில்: எண் பொய் என்றால் போடாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்த 13 தந்திரங்களில் போலி அவசரமும் ஒன்று. கேட்காமலே கூடையில் எதையாவது சேர்ப்பதும், விலையைக் கடைசியில் ஏற்றிக் காட்டுவதும் அதே பட்டியலில்தான். பக்கத்தைப் புதுப்பித்ததும் கடிகாரம் மறுபடி 10 நிமிடத்திலிருந்து தொடங்குவதை வாடிக்கையாளர் ஒருமுறை பார்த்துவிட்டால், உங்கள் தள்ளுபடி விலையையும் நம்ப மாட்டார்.

கேள்வி: ஒருமுறை வாங்கியவர்கள் திரும்ப வருவதில்லை. தளத்துக்குள் நுழைந்ததும் நம்பர் கேட்டு பாப்-அப் போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கடைக்குள் கால் வைத்ததும் நம்பர் எழுதச் சொல்லி நோட்டை நீட்டினால் எரிச்சல்தான் வரும். மொபைலில் திரையை மறைக்கும் பாப்-அப்பைத் தேடல் வரிசையில் 2017 முதலே கூகுள் பாதகமாகக் கருதுகிறது. ஆர்டர் முடிந்த பக்கத்தில் கேளுங்கள். டிக் பெட்டி காலியாக இருக்க வேண்டும், பொருள் வாங்குவதற்கான ஒப்புதலையே முன்கூட்டியே டிக் அடித்துப் பெறுவதை 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடுக்கின்றன.

திரும்ப வராததற்குக் காரணம் பெரும்பாலும் முதல் ஆர்டருக்கும் டெலிவரிக்கும் நடுவே இருந்த மௌனம். பணம் வந்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள், பார்சல் கிளம்பியதும் டிராக்கிங் லிங்க்குடன் ஒன்று, தாமதம் என்றால் அவர் கேட்பதற்கு முன் ஒன்று. திருப்பி அனுப்பும் விதியை நாலு வரியில் எழுதுங்கள்: எத்தனை நாளுக்குள், எந்த நிலையில், கூரியர் செலவு யாருடையது, பணம் எப்போது வரும். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பதும் அந்த 2020 மின்வணிக விதிகளில் உண்டு. சிறிய கடைதானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தளத்தில் தேடல் பெட்டி தேவையா? விற்றுப்போன பொருளின் பக்கத்தை நீக்கிவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஐம்பது பொருளுக்கு மேல் இருந்தால் தேடல் தேவை. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று முடிந்த தேடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் இட்லியை ஐ-யில் முடிப்பவரும் உண்டு, ஒய்-யில் முடிப்பவரும் உண்டு. புடவை, சேலை, சாரி மூன்றும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். இவற்றை இணைச்சொற்களாகச் சேர்த்துவிடலாம்.

பக்கத்தை நீக்க வேண்டாம். கூகுளிலிருந்தோ பழைய வாட்ஸ்அப் பகிர்விலிருந்தோ வருகிறவர் வெறும் பிழைப் பக்கத்தைப் பார்ப்பார். 'விற்றுவிட்டது' என்று போட்டு, அதே நிறத்தில், அதே விலையில் உள்ள நாலு பொருளைக் கீழே காட்டுங்கள். மறுபடி வரவே போவதில்லை என்றால் அந்த வகையின் பக்கத்துக்கு 301 திருப்பல் (பழைய முகவரிக்கு வருகிறவரை நிரந்தரமாக வேறு பக்கத்துக்கு அனுப்பும் ஏற்பாடு) கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது மட்டும் வேண்டாம்.